மலைக்குப் போக ஒரு எம்.எஸ்.டபிள்யூ.: படித்து முடித்தவளின் வரவு செலவு

முதலில் காசைச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலைப் படிப்புக்கு இரண்டு வருடக் கட்டணம் 58,000 ரூபாய். ஆய்வேடு டைப் அடித்து நாலு பிரதி பைண்டிங் செய்ய 4,200. வள்ளக் கூலி, ஜீப்பில் பங்கு, மேலே போகும்போது வாங்கிப் போன தேயிலை, பிஸ்கட் எல்லாம் சேர்த்து 9,000. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் பிழைத்தேன், இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும். ஆக 71,200 ரூபாய். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடையில் நாலு வருடம் கணக்கு எழுதிச் சேர்த்த பணம் அது.

இதை எழுதக் காரணம், போன மாதம் மட்டும் மூன்று பிள்ளைகள் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அக்கா, மலையில காணிக்காரங்க கூட வேல பாக்கணும்னா எம்.எஸ்.டபிள்யூ. எடுக்கலாமா?" (காணிக்காரர் எங்கள் மாவட்டத்து மலையில் இருக்கிற பழங்குடி, காணிகள் என்றும் சொல்வோம்.) ஒவ்வொருத்திக்கும் முக்கால் மணி நேரம் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். எழுதியே வைத்துவிட்டால் அனுப்பிவிடலாம். கல்லூரியின் பெயர் வேண்டாம். குறை சொல்லப் போகிறேன், அந்தக் குறைகள் அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியவை என்றும் எனக்குத் தோன்றவில்லை.

சமூகப்பணியில் ஆறு முறைகள் என்று முதல் வாரமே போர்டில் எழுதிவிடுவார்கள். தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு. அப்புறம் நிர்வாகம், ஆய்வு, சமூகச் செயல்பாடு. இரண்டு வருடமும் இதைச் சுற்றித்தான். இந்தியாவில் இந்தப் படிப்பு 1936 இல் மும்பையில் டாடா அறக்கட்டளை ஆரம்பித்த பள்ளியோடு தொடங்கியது. பாடத்தைப் படிக்கும்போது அந்த ஊரின் வாடை இன்னும் அடிக்கிறது: ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, குடிசைப்பகுதி, சீர்திருத்தப் பள்ளி. மலை என்பது நாலாவது அலகில் கடைசியில் வருகிற ஒரு உபதலைப்பு.

இரண்டாம் வருடம் மூன்றில் ஒரு பிரிவை எடுக்க வேண்டும். எங்கள் வகுப்பில் 28 பேர். 17 பேர் மனிதவளம் எடுத்தார்கள், 8 பேர் மருத்துவம் மற்றும் மனநலம், சமுதாய மேம்பாட்டுக்கு நாங்கள் மூன்று பேர். மனிதவளம் எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் வேலை இருக்கிறது. ஆனால் மூன்று பேருக்காக யாரும் தனியாகப் பாடம் தயாரிக்க மாட்டார்கள் என்பதைச் சேரும் முன்னே தெரிந்துகொள்ளுங்கள். பழைய நோட்ஸை வாசிப்பார்கள், நாம் எழுதிக்கொள்வோம்.

பழங்குடியினர் பற்றி அந்த நோட்ஸில் இருந்தது பெரும்பாலும் பட்டியல். தமிழ்நாட்டில் 36 பழங்குடிகள் (2023 முதல் 37), அதில் மிகவும் நலிவுற்ற குழுக்கள் என்று ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். காணிக்காரர் அந்த ஆறில் இல்லை. எங்கள் மாவட்டத்துக்காரர்களைப் பற்றி அந்த அலகில் இருந்தது ஒன்றரை வரி. இதை மனப்பாடம் செய்து என்ன கிழிக்கப் போகிறோம் என்று அப்போது நினைத்தேன். பிறகு மேலே ஒரு அக்கா, "டி.வி.யில பழங்குடிக்கு வீடுன்னு சொன்னானே, நமக்கு உண்டுமா?" என்று கேட்டபோது அந்தப் பட்டியல்தான் கை கொடுத்தது. 2023 இல் அறிவித்த அந்த மத்திய அரசுத் திட்டம் நலிவுற்ற குழுக்களுக்கு மட்டும். உண்டு என்று ஆசை காட்டாமல் இல்லை என்று அன்றே சொல்ல முடிந்தது. அந்த அக்கா உதட்டைப் பிதுக்கிவிட்டு மரச்சீனி உரிக்கப் போய்விட்டார்.

களப்பணிக்கு வருவோம், படிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வாரம் இரண்டு நாள். முதல் பருவம் ஒரு முதியோர் இல்லம், இரண்டாவது ஒரு ஆஸ்பத்திரி. எனக்கு மலை வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பெண்பிள்ளை, ஆனை நடமாட்டம், பஸ் இல்லை, யார் பொறுப்பு என்று மூன்று முறையும் திரும்பி வந்தது. கடைசியில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்னே தோட்டத்துக்குள் நடக்கிறவர். ஆனை என்று படிவத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் பருவத்தில்தான் போனேன். குலசேகரத்திலிருந்து முதல் பஸ்ஸில் பேச்சிப்பாறை, அங்கிருந்து வள்ளம், அதன்பின் ஒன்றரை மணி நேர நடை. அணை 1906 இல் கட்டி முடித்தது. கட்டிய இன்ஜினியர் மின்சினை இங்கே மூக்கன் துரை என்பார்கள். அந்தத் தண்ணீர் கீழே வயலுக்குப் பாய்கிறது. மேலே இருக்கிற சில குடியிருப்புக்காரர்கள் அதே தண்ணீரைத் தாண்டித்தான் அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டும். மழைக்காலத்தில் வள்ளக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினால் அன்றைக்குக் களப்பணி கிடையாது. கல்லூரி வருகைப்பதிவில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. எனக்கு நாலு நாள் ஆப்சென்ட் விழுந்தது, இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

(அட்டைக்கு உப்புப் பொட்டலம் கொண்டு போங்கள். ஷூவை விட ரப்பர் செருப்பு நல்லது, அட்டை ஏறுவது உடனே தெரியும். இதை எந்தத் தாளிலும் சொல்லவில்லை.)

முதல் நாள் 42 கேள்விகள் கொண்ட படிவத்தோடு போய் நின்றேன். திண்ணையில் இருந்த பாட்டா ஒருவர் கேட்டார், "மக்களே, நீ கணக்கெடுக்க வந்தியா, மருந்து ஊத்த வந்தியா?" இரண்டும் இல்லை, படிக்க வந்திருக்கிறேன் என்றேன். "நாங்க படிக்கிறதுக்குக் கீழ எறங்குறோம், நீ படிக்கிறதுக்கு மேல ஏறுதியா" என்று சொல்லிவிட்டு கட்டஞ்சாயா கொடுக்கச் சொன்னார். ஒன்பதாவது கேள்வி: மாத வருமானம், 5,000க்குக் கீழ், 5,000 முதல் 10,000 வரை, அதற்கு மேல். எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். ஒரு மாமி, "எந்த மாசம்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் என் படிவத்தில் இல்லை.

அன்று இரவு வழிகாட்டி மேடத்துக்குப் போன் செய்தேன். இவரைப் பற்றி ஒரு வார்த்தை. மற்றவர்கள் நோட்ஸ் வாசித்தபோது இவர் ஒருவர்தான் நாங்கள் எழுதிய களக்குறிப்பை வரிவரியாகப் படித்து ஓரத்தில் கேள்வி எழுதுவார். "படிவத்தை மூடி வை. தரையில கட்டம் போடு" என்றார். பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று வகுப்பில் ஒரு மணி நேரத்தில் முடித்த பாடம். அதில் பருவகால நாட்காட்டி என்று ஒன்று உண்டு. பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு கட்டம், வருமானம், வேலை, நோய், கடன் என்று வரிசை, அந்தந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதை அவர்களே எதையாவது வைத்துக் காட்டுவார்கள்.

அடுத்த வாரம் முற்றத்தில் குச்சியால் கோடு கிழித்தேன். கல் தேடப் போனபோது பிள்ளைகள் ரப்பர் கொட்டையை மடியில் அள்ளி வந்தார்கள். பெண்கள் ஏழெட்டுப் பேர் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். மார்கழி, தை, மாசியில் நல்லமிளகுக்கு ஒரு குவியல். மாசி, பங்குனியில் ரப்பர் இலை உதிர்த்துப் பால் குறையும், அங்கே ரெண்டே கொட்டை. ஆனி ஆடி வரும்போது ஒரு சண்டையே நடந்தது. ஒரு அக்கா பால் வெட்டுக்கு அஞ்சு கொட்டை வைத்தார், இன்னொருவர் அதில் நாலை எடுத்துவிட்டார். "மழை விடாம பெய்யும்போ எங்கிடி வெட்டுன?" அப்புறம் கடன் வரிசைக்கு வந்தார்கள். ஆனிக் கட்டத்தில் வைக்க வைக்கக் கொட்டை வழிந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம், பால் இல்லாத மாதம், மிளகுக் காசு தீர்ந்த மாதம், மூன்றும் ஒரே இடத்தில் வந்து விழுகிறது.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஷீட் கடையில் நாலு வருடம் நான் எழுதிய பேரேட்டில் 'மலை' என்று ஒரு பக்கம் இருந்தது. மேலேயிருந்து ஷீட் கொண்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் முன்பணக் கணக்கு. ஜூன் மாதம் அந்தப் பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் திருப்ப வேண்டியிருக்கும். மலைக்காரர்களுக்குக் கையில் காசு நிற்காது என்று முதலாளி சொல்வார், நானும் சரிதான் என்று கோடு போட்டுக் கூட்டுவேன். என் கையெழுத்தில் இருந்த கணக்கை அந்தப் பெண்கள் ரப்பர் கொட்டையால் எனக்குப் படித்துக் காட்டினார்கள். இந்தப் படிப்புக்குக் கொடுத்த காசில் வசூலானது எது என்று கேட்டால் அந்த ஒரு காலைப்பொழுதைத்தான் சொல்வேன்.

பாடத்தில் இருக்க வேண்டியது, இல்லாதது: சட்டம். வன உரிமைச் சட்டம், 2006 என்று ஒரு வரி, ஆண்டோடு முடிந்தது. மேலே போனால் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து பழங்குடிக் குடும்பம் பயன்படுத்தி வரும் வனநிலத்துக்கு உரிமை கேட்கலாம், அதிகபட்சம் 4 ஹெக்டேர். மனு முதலில் போவது கிராம சபைக்கு, அதற்கு மேல் கோட்ட அளவிலான குழு, பிறகு மாவட்டக் குழு. சான்று ஒன்றுக்கு மேல் வேண்டும். அந்தச் சான்றுகளில் ஒன்று ஊர்ப் பெரியவரின் வாய்மொழி, எழுத்தில் பதிந்தது. ஆமாம், விதியிலேயே இருக்கிறது. மனு போடுகிறவராக இல்லாத ஒரு முதியவர் சொல்லி நாம் எழுதினால் அது ஆவணம்.

அப்படி ஒன்றை நான் எழுதினேன். திண்ணைப் பாட்டாதான் சொன்னார். எந்த வருடம் என்று கேட்டால் அவருக்கு வருடம் வராது. ஐனி மரத்தைக் காட்டினார், அது தன் அப்பன் கன்றாக வைத்தது என்றார். ஓடைக்கு அந்தப்பக்கம் புதைத்த இடங்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் காட்டினார். ஆனை வந்து கூரை பிரித்தபோது யார் யார் வயிற்றில் இருந்தார்கள் என்பதை வைத்து வயது கணக்குச் சொன்னார். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது, ஏனென்றால் முதல் இரண்டு முறையும் கல்லூரி ரிப்போர்ட் மாதிரியே எழுதிவிட்டேன். "இது யாரு பேசுறா?" என்று கேட்டார். வகுப்பில் ரிப்போர்ட் எழுத நாலு பருவம் பழக்குகிறார்கள். ஒருவர் பேச்சை அவர் பேச்சாகவே எழுத ஒரு நாளும் பழக்கவில்லை.

சாதிச் சான்றிதழும் இப்படித்தான். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர் அளவில்தான், நம் பக்கம் என்றால் பத்மநாபபுரம் சப் கலெக்டர். பட்டியலில் காணிக்காரர் என்ற பெயர் கன்னியாகுமரி மாவட்டம், அப்புறம் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் தாலுகாக்கள் என்று ஊரோடு சேர்த்தே இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது, ப்ளஸ் டூ முடித்த ஒரு பெண்ணோடு தக்கலைக்கு அலைந்தபோது.

மேடம் எடுத்த ஒரு வகுப்பைச் சொல்லாமல் விட முடியாது. ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் கதை. 1987 இல் அகத்தியமலைக் காட்டில் ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்ட வந்த காணிகள் ஏதோ காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடப்பதைப் பார்த்துக் கேட்கிறார்கள். அதிலிருந்து திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டில் உள்ள தாவர ஆராய்ச்சி நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. கோவை ஆர்ய வைத்ய பார்மஸிக்கு உரிமம் போனது. 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, அதில் பாதி காணிகளுக்கு. 1997 இல் கேரளத்தில் காணி அறக்கட்டளை ஒன்று பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி என்று உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எல்லாக் காணிகளையும் கேட்டா செய்தார்கள் என்ற விமர்சனமும் கூடவே வந்தது. ஒரே மலை, 1956 இல் மாநில எல்லை என்று கோடு போட்டுப் பிரித்தது, கோட்டுக்கு இந்தப்பக்கம் நம்முடையவர்கள். மேடம் பாதி வகுப்பை நிறுத்திவிட்டு எங்களைக் கேட்டார், நீங்கள் ஆய்வேடு எழுதப் போகிறீர்களே, அதில் ராயல்டி எவ்வளவு கொடுப்பீர்கள் என்று. யாரும் வாய் திறக்கவில்லை. மனிதவளப் பிரிவுப் பையன் ஒருவன் மட்டும் மணியைப் பார்த்தான்.

வேலை, சம்பளம். படிப்பு முடிந்து ஐந்து மாதம் சும்மா இருந்தேன். இப்போது ஒரு தொண்டு நிறுவனத் திட்டத்தில் மாதம் 17,500, வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஷீட் கடையில் 12,000 வாங்கினேன். கூடுதல் 5,500ஐ வைத்துப் பார்த்தால் 71,200ஐ எடுக்க 13 மாதம், படித்த இரண்டு வருடம் சம்பளமில்லாமல் இருந்ததைச் சேர்த்தால் கணக்கு வேறு மாதிரி ஆகும், அதைப் போட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பட்டம் இல்லாமல் இந்த வேலை கிடைக்காது, விளம்பரத்திலேயே எம்.எஸ்.டபிள்யூ. என்று கேட்கிறார்கள். வெளியூர் போக முடியுமென்றால் மும்பை டாடா நிறுவனத்தில் தலித், பழங்குடி ஆய்வுக்கென்றே ஒரு சமூகப்பணிப் பிரிவு இருக்கிறது, மத்தியப் பிரதேசத்து அமர்கண்டக்கில் பழங்குடிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்பு உண்டு. எனக்கு வீட்டை விட்டுப் போக வழியில்லை.

ஆகவே பிள்ளைகளே, சேருங்கள், ஆனால் அட்மிஷன் நாளில் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். களப்பணிக்கு மலைக்கு அனுப்புவீர்களா, எந்தப் பருவத்திலிருந்து? வழிகாட்டி எத்தனை முறை நேரில் வருவார்? எங்கள் மேடம் இரண்டு முறை வந்தார், மூட்டுவலியோடு. என் பிரிவில் மற்ற இருவரின் வழிகாட்டிகள் போட்டோவில் மட்டும் வந்தார்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அந்த அரை நட்சத்திரம் ரப்பர் கொட்டைக்கு.

ஆய்வேடு ஆங்கிலத்தில், 94 பக்கம், காலிகோ அட்டை, தங்க எழுத்து. வைவா முடிந்து பட்டம் உறுதியான பிறகு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மேலே போய் முற்றத்தில் உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டினேன். யாரும் வாசிக்கச் சொல்லவில்லை, மேடத்தின் ராயல்டி கேள்வி மண்டையில் குடைந்ததுதான் காரணம். ஒன்பதாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். 43 வீடு என்று எழுதியிருந்தேன். 41தான். நான் எண்ணிய இரண்டு குடிசைகள் பன்றிக்கும் ஆனைக்கும் காவல் இருக்கிற மாடங்கள். காணிகளின் பூசாரியும் வைத்தியருமான பிலாத்தியை மந்திரவாதி என்று போட்டிருந்தேன். அவர் பின்னால் வெற்றிலை மென்றுகொண்டு இருந்தார். எழுந்து வந்து, "சாமிக்கும் சொல்லுவேன், சூக்கேட்டுக்கும் (நோய்க்கும்) சொல்லுவேன், மந்திரவாதின்னா ஆளக் கொல்லுதவன்லா?" என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பில் நான் பேனாவைத் தேடினேன். மூன்றாவது கடன் அட்டவணை. தலைப்பு 'நுகர்வுக் கடன்' என்று இருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டார்கள், வாங்கித் தின்பதற்கு வாங்கும் கடன் என்றேன். அன்று கொட்டை வைத்து நாலை எடுத்த அக்கா, "நோட்டும் பேனாவும் யாரு தின்னா?" என்றார்.

என் பிரதியில் மூன்றையும் நீல மையில் அடித்துத் திருத்திவிட்டேன். அடுத்த வாரம் கல்லூரி நூலகத்துக்குப் போய் அங்கே இருக்கிற பிரதியிலும் திருத்த முடியுமா என்று கேட்டேன். பைண்ட் செய்து ஏற்றுக்கொண்ட ஆய்வேட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார் நூலகர். அலமாரியில் அது இன்னும் 43 வீட்டோடுதான் இருக்கிறது. நீங்கள் சேர்ந்து, அதை எடுத்துப் பார்க்க நேர்ந்தால், 41 என்று படித்துக்கொள்ளுங்கள்.